துருக்கிப் பள்ளிகளில் பிள்ளைகள் என்ன பாடுகிறார்கள்? நவம்பர் 14க்கு உதவி வேண்டும்

மஞ்சக்குப்பம் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் ஒரு பள்ளியில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித் தருகிறேன். இந்தக் குழந்தைகள் தினத்துக்கு வகுப்புக்கு ஒரு நாடு என்று சீட்டுப் போட்டு எடுத்தார்கள், எங்களுக்குத் துருக்கி வந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம், ஏனென்றால் தமிழில் டப் செய்த துருக்கி சீரியல்களை வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள், அதில் வருகிற பெயர்களெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

எனக்குத்தான் கவலை. "யூடியூபில் ஏதாவது ஒரு பாட்டை எடுங்க, சிவப்புக் குல்லா வாங்கிடலாம், நாலு பேரை வெள்ளைப் பாவாடை கட்டிச் சுத்த விடலாம், முடிஞ்சது" என்று சொல்கிறார்கள். அப்படிச் செய்ய மனசு வரவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகள் மாதிரி காலையில் அசெம்பிளியில் நிற்பார்கள், எதையோ பாடுவார்கள், பாட்டு பீரியட் என்று ஒன்று இருக்கும் இல்லையா? அங்கே என்ன பாடுகிறார்கள் என்று தெரிந்தால் அதையே நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். அவர்களுடைய தேசிய கீதத்தைப் பாட வைக்கலாமா? உச்சரிப்பு ரொம்பக் கஷ்டமா? எங்களிடம் இருப்பது ஒரு கீபோர்டு, ஒரு சுருதிப் பெட்டி, அப்புறம் மிருதங்கம் கற்றுக்கொள்கிற ஒரு பையன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை அம்மா:

டீச்சர், என் கணவர் வேலைக்காக இஸ்மீரில் சில வருஷம் இருந்தோம், பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கே அரசுப் பள்ளியில்தான் படித்தார்கள். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் தேசிய கீதம். அதை மேடை நிகழ்ச்சியாக வைக்க வேண்டாம். 'இஸ்திக்லால் மார்ஷி' என்று பெயர், மெஹ்மெத் ஆகிஃப் எர்சோய் எழுதியது, 1921 மார்ச் 12 அன்று அங்காராவில் கூடிய தேசிய சபை (அவர்கள் நாடாளுமன்றம்) ஏற்றுக்கொண்டது. போட்டிக்கு 724 பாட்டுகள் வந்ததாகவும், கொடுத்த 500 லிரா பரிசை அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் தர்மத்துக்குக் கொடுத்துவிட்டதாகவும் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். மொத்தம் 41 வரி, பாடுவது முதல் இரண்டு கண்ணி மட்டும். திங்கட்கிழமை வகுப்பு தொடங்குவதற்கு முன்னாலும் வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்த பிறகும் கொடிக்கு முன்னால் நின்று பாடுவார்கள். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி வரப் போய் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். பையை முதுகில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடத் தயாராக நிற்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் பாட்டு தொடங்கியதும் அசையாமல் நின்றுவிடுவார்கள், கேட்டுக்கு வெளியே ரோட்டில் போகிறவர்களும் நின்றுவிடுவார்கள். நீராருங் கடலுடுத்த பாடும்போது நாம் நிற்கிற மாதிரிதான். அதைப் போய் டான்ஸுக்கும் ஃபேன்ஸி டிரஸ்ஸுக்கும் நடுவில் ஓர் ஐட்டமாக வைத்தால் நன்றாகவா இருக்கும்? அது போக, அந்த மெட்டு பாடுவதற்கும் கஷ்டம். ஒரு வார்த்தையின் பாதி ஒரு அடியிலும் மீதி அடுத்த அடியிலும் போய் விழும், அங்கேயே அதைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் உண்டு.

இரண்டாவது, வெள்ளைப் பாவாடை கட்டிச் சுற்றுவது. அது நடனமே இல்லை, 'செமா' என்பது மெவ்லெவி என்கிற சூஃபி வழியினரின் வழிபாடு. நம் ஊர் காவடியையோ தீமிதியையோ வேறு நாட்டுப் பள்ளியில் கூத்தாகப் போட்டுக் காட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? தயவுசெய்து வேண்டாம். சிவப்புக் குல்லாவும் வேண்டாம். 1925இல் தொப்பிச் சட்டம் போட்டு அதைத் தடை செய்துவிட்டார்கள், என் பிள்ளைகளோடு படித்தவர்கள் யாரும் அதைப் பழைய படங்களிலும் சுற்றுலாக் கடைகளிலும்தான் பார்த்திருப்பார்கள்.

சரி, என்ன பாடலாம் என்றால், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்ததும் முதலில் வருவது 'தஹா துன் அன்னெமிஸின்'. நேற்றுவரை அம்மா கையில் இருந்தோம், பூந்தோட்டத்து வழியில் ஓடிக்கொண்டிருந்தோம், இப்போது பள்ளிக்கு வந்துவிட்டோம், வகுப்பு நிறைந்துவிட்டது என்று போகும். மெட்டு நம் ட்விங்கிள் ட்விங்கிள் மெட்டேதான். உங்கள் பிள்ளைகள் சொல்லை மட்டும் படித்தால் போதும். சின்னவர்களுக்கு 'கூச்சூக் குர்பா' என்று தவளைப் பாட்டு ஒன்று இருக்கிறது, குட்டித் தவளையே உன் வால் எங்கே என்று கேட்பார்கள், வால் இல்லை, ஓடையில் நீந்துகிறேன் என்று அது பதில் சொல்லும், எல்லாவற்றுக்கும் கையால் அபிநயம் உண்டு. 'மினி மினி பிர் குஷ்' என்று இன்னொன்று: குளிரில் விறைத்துப்போய் ஜன்னலில் வந்து உட்கார்ந்த குருவியை உள்ளே எடுத்து வருகிறார்கள், அது தெம்பு வந்ததும் பறந்துவிடுகிறது, பார்த்தால் கை வெறுமையாக இருக்கிறது. என் சின்னவள் இதை முதலில் கேட்டபோது அழுதுவிட்டாள்.

பாட்டு வகுப்பு வாரத்துக்கு ஒரு மணி. நாலாம் வகுப்பு வரை வகுப்பாசிரியரே பார்த்துக்கொள்வார், ஐந்திலிருந்து தனியாகப் பாட்டு ஆசிரியர். பையில் கட்டாயம் ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கும், புளோக் ஃப்ளூட் என்பார்கள், சில பள்ளிகளில் அதற்குப் பதில் வாயால் ஊதிக்கொண்டே கட்டையை அழுத்துகிற மெலோடிகா. சாயங்காலம் எங்கள் அடுக்குமாடியில் மூன்று நாலு வீட்டுப் பால்கனியிலிருந்து ஒரே பாட்டு வெவ்வேறு இடத்தில் தடுக்கித் தடுக்கிக் கேட்கும்.

திருப்பாப்புலியூர் கச்சேரி:

டீச்சர், நான் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவன், இப்போது வீட்டில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டு எடுக்கிறேன். துருக்கி இசையைப் பல காலமாகக் கேட்டு வருகிறேன், அதனால் உள்ளே வருகிறேன்.

மேடம் சொன்ன ட்விங்கிள் மெட்டு நல்ல ஆரம்பம், ஆனால் அதோடு நிறுத்தினால் துருக்கி காதுக்கு வந்து சேராது. அது பிரெஞ்சுக்காரன் மெட்டு. ஒரு நாட்டுப்புறப் பாட்டாவது கட்டாயம் வையுங்கள், நம் பிள்ளைகளால் முடியும். காரணம் சொல்கிறேன்.

தாளத்திலிருந்து வருவோம். அங்கே 'அக்சாக்' என்று 9 அட்சரத் தாளம், 2+2+2+3 என்று எண்ணுவார்கள். மேற்கத்திய முறையில் பழகியவர்கள் இதில் தடுமாறுவார்கள், 8 அல்லது 6 என்றே அவர்கள் கை பழகியிருக்கும். உங்கள் மிருதங்கப் பையனிடம் தகதிமி தகதகிட என்று சொல்லச் சொல்லுங்கள். தக-திமி-தக-தகிட, முடிந்தது கதை, அதுதான் அக்சாக். நாம் சங்கீர்ணம் என்று வைத்திருப்பது. அதேபோல் 'தேவ்ரி ஹிந்தி' என்று ஒரு தாளம், 7 அட்சரம், 3+2+2. நம் மிஸ்ர சாபுவில் கை தட்டிப் பாடுகிற பிள்ளைக்கு அதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. பாட்டு வரும் முன்னால் பத்து நிமிஷம் பிள்ளைகள் எல்லோரும் தொடையில் தட்டிச் சொல்லட்டும், மூன்றாவது நாள் கால் தானாக ஆடும்.

அடுத்தது சுரம். அவர்கள் ராகம் மாதிரி வைத்திருப்பது மகாம். ஹிஜாஸ் மகாமைக் கேட்டால் நமக்கு உடனே மாயாமாளவகௌளையின் முதல் பாதி ஞாபகம் வரும், ஸ ரி க ம. நம் பிள்ளைகள் சரளி வரிசையே அதில்தான் தொடங்குகிறார்கள் என்பதால் ரி-யிலிருந்து க-வுக்குப் போகிற அந்தப் பெரிய தாவல் அவர்கள் தொண்டையில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அச்சு அசல் அதுவே இல்லை. அவர்கள் ஒரு முழுச் சுரத்தை 'கோமா' என்று 9 சின்னப் பங்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஹிஜாஸில் பாடும்போது ரிஷபம் கொஞ்சம் ஏறியும் காந்தாரம் கொஞ்சம் இறங்கியும் நிற்கும், இடைவெளி நம்முடையதைவிட நெருக்கம். அனதோலியா (துருக்கியின் ஆசியப் பகுதி) நாட்டுப்புறப் பாட்டுகளில் நிறைய வருகிற ஹுசைனி மகாமில் ரிஷபம் இன்னும் விசேஷம், சுத்த ரிஷபமும் இல்லை, சதுஸ்ருதியும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் இருக்கிறது. பாலமா என்கிற நீளக் கழுத்து வாத்தியத்தில் இதற்கென்றே தனிக் கட்டு கட்டி வைத்திருப்பார்கள், நைலான் நரம்பால் கட்டின கட்டு, நகர்த்தலாம். கீபோர்டில் அந்த இடத்தில் கட்டையே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், நாட்டுப்புறப் பாட்டுக்குக் கீபோர்டை மூடி வைத்துவிடுங்கள். சுருதிப் பெட்டியும் மிருதங்கமும் போதும், அசல் பாடகர் பாடியதைத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்து வாயால் பிடிக்கச் சொல்லுங்கள். ஸ்வரம் எழுதிக் கொடுத்தால் பிள்ளை எழுத்தைப் பார்த்துப் பாடும், காது வேலை செய்யாது.

எளிதாக ஒன்று வேண்டும் என்றால் இஸ்தான்புல் பாட்டான 'காதிபிம்'. உஸ்குதாருக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொள்கிறது, குமாஸ்தாவின் நீளக் கோட்டு ஓரம் சேறாகிறது, வழியில் கிடைத்த கைக்குட்டையில் மிட்டாய் நிரப்புகிறாள். நிஹாவென்த் மகாம், நடபைரவியும் கீரவாணியும் பழகிய காதுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும், தாளமும் நேரானது. காதல் பாட்டுதான், ஆனால் ஏழாம் வகுப்புப் பிள்ளை பாடக்கூடாதது ஒன்றும் அதில் இல்லை. இந்த மெட்டு எங்கள் ஊருடையது என்று கிரேக்கர், பல்கேரியர், செர்பியர் எல்லோரும் சொந்தம் கொண்டாடுகிறார்கள், அவ்வளவு தூரம் பயணம் போன பாட்டு.

பிரெஞ்சு வகுப்பு, புதுச்சேரி:

உச்சரிப்பைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், நான் இங்கே பிரெஞ்சு சொல்லித் தருகிறவள், துருக்கி மொழியும் கொஞ்சம் படித்திருக்கிறேன். பயப்படவே வேண்டாம். 1928இல் அரபு எழுத்தை விட்டு ரோமன் எழுத்துக்கு மாறினார்கள், எழுதியதைப் பெரும்பாலும் அப்படியே வாசிக்கலாம், ஆங்கிலம் மாதிரி ஏமாற்றாது. கஷ்டம் தருவது மூன்று உயிர்தான். தலையில் இரண்டு புள்ளி வைத்த ஊ, ஓ இரண்டும் நம்மிடம் இல்லை, ஆனால் பிரெஞ்சில் இருக்கிறது. உங்கள் பள்ளியில் பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களை முன்வரிசையில் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஈ சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ஊ மாதிரியும், ஏ சொல்லிக்கொண்டே ஓ மாதிரியும் குவிக்கச் சொல்லுங்கள், வந்துவிடும். மூன்றாவது புள்ளியில்லாத இ. இதற்கு ஆங்கிலம் படித்தவர்கள் திண்டாடுவார்கள், நம் பிள்ளைகளுக்கு அது தினசரி வாயில் வருகிற ஒலி: காசு, பாட்டு என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் வருகிற குற்றியலுகரம் அதற்கு மிக நெருக்கம். தமிழ் வாத்தியாரையே கூட்டி வந்து சொல்லித் தரச் சொல்லலாம். பாட்டை ஆங்கில எழுத்தில் பார்த்து ஆங்கில உச்சரிப்பில் படிக்க விட்டுவிடாதீர்கள், தமிழ் எழுத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

இன்னொன்று. ஒரு பள்ளி விழாவில் துருக்கிப் பாட்டு என்று அறிவித்துவிட்டு முழுக்க அரபுப் பாட்டைப் போட்டார்கள், யாருக்கும் தெரியவில்லை. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் மொழி தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

ஓய்வு பெற்ற எச்எம்:

அம்மா, உங்கள் கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் அங்கே பள்ளிக்குள் பாட்டு எப்படி வந்தது என்பதைப் பிள்ளைகளிடம் ஒரு ஐந்து நிமிஷம் பேசுங்கள் என்பது என் வேண்டுகோள். குடியரசு வந்தது 1923, அடுத்த வருஷமே அங்காராவில் பாட்டு ஆசிரியர்களைத் தயார் செய்ய என்று ஒரு பள்ளியைத் திறந்தார்கள். புதிய நாட்டுக்குப் புதிய இசை வேண்டும், அது ஐரோப்பிய முறையிலும் நாட்டுப்புற மெட்டிலும் இருக்க வேண்டும், அரண்மனைக் காலத்து இசை வேண்டாம் என்பது அன்றைய ஆட்சியின் எண்ணம். 1934இல் வானொலியில் பழைய இசையை நிறுத்தியே விட்டார்கள், 1936இல்தான் திரும்ப வந்தது. ட்விங்கிள் மெட்டில் பள்ளிப் பாட்டு இருப்பதற்குக் காரணம் இப்போது புரியும். மே 19 இளைஞர் நாளில் பாடுகிற அணிவகுப்புப் பாட்டின் மெட்டும் சுவீடனிலிருந்து வந்தது, அங்கே உடற்பயிற்சி படித்துவிட்டு வந்த செலிம் சிர்ரி தார்ஜான் கொண்டு வந்தார். கிட்டத்தட்ட அந்த நாட்களிலேயே இங்கே நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசைக்காகத் தீர்மானம் போட்டார்கள் என்பதையும் (1941) சேர்த்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் எந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்பது அங்கேயும் இங்கேயும் பெரிய வழக்காகவே இருந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது கிராமக் கல்வி நிலையங்கள். 1940இல் சட்டம் போட்டு 21 இடங்களில் தொடங்கினார்கள், கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து ஆசிரியராக்கித் திரும்பக் கிராமத்துக்கே அனுப்புவது நோக்கம். வயல் வேலை, கட்டட வேலை, புத்தகம், பாட்டு எல்லாம் ஒரே நாளில். காலையில் எல்லோரும் சேர்ந்து நாட்டுப்புற ஆட்டம் ஆடிவிட்டுத்தான் வேலை. ஆளுக்கு ஒரு வாத்தியம் கற்க வேண்டும், பெரும்பாலும் மாண்டலின். அங்கே சாஸ் (அந்தப் பாலமாதான்) சொல்லித் தரப் போனவர்களில் ஒருவர் ஆஷிக் வெய்சல். சிவாஸ் பக்கத்துக் கிராமத்தில் 1894இல் பிறந்து, ஏழு வயதில் அம்மையில் கண்ணை இழந்து, ஊர் ஊராகப் பாடிக்கொண்டு திரிந்த நாட்டுப்புறக் கவிஞர். அவரை அழைத்து வந்து ஆசிரியர் என்று உட்கார வைத்தார்கள். நம் ஊரில் ஒரு பறை வாசிப்பவரையோ தெருக்கூத்துக் கலைஞரையோ பயிற்சிப் பள்ளியில் சம்பளத்தோடு ஆசிரியராக உட்கார வைத்திருக்கிறோமா என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. 1954இல் அரசியல் காரணங்களால் அந்த நிலையங்களை மூடிவிட்டார்கள். ஏழாம் வகுப்பில் நல்ல குரல் உள்ள ஒரு பிள்ளை இருந்தால் வெய்சலின் 'உஸுன் இன்ஜே பிர் யோல்தாயிம்' பாட்டைத் தனியாகப் பாட விடுங்கள். நீண்ட குறுகிய பாதையில் இரவும் பகலும் நடக்கிறேன் என்று வரும், நம் சித்தர் பாட்டுக்குப் பழகிய கடலூர்க் கூட்டம் அதைக் கேட்கும்.

மஞ்சக்குப்பம் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. முடிவு இதுதான்: தேசிய கீதமும் சுற்றுவதும் குல்லாவும் கிடையாது, பள்ளியில் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள். ஆறாம் வகுப்பு 'தஹா துன்' பாடும், ஏழாம் வகுப்பு 'காதிபிம்', தனியாக வெய்சல் பாட்டுக்கு ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறேன். தகதிமி தகதகிட நேற்றே தொடங்கிவிட்டது, இடைவேளையில் டெஸ்க்கைத் தட்டிக்கொண்டு திரிகிறார்கள். ஆட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்கிறார்கள், ஏனென்றால் எல்லாப் பிள்ளையும் மேடை ஏற வேண்டுமாம். சுற்றுவதற்குப் பதில் என்ன வைக்கலாம்?

முத்தியால்பேட்டை அம்மா:

ஹலாய் வையுங்கள் டீச்சர். ஏப்ரல் 23 அங்கே குழந்தைகள் தினம், 1920இல் அங்காராவில் அந்தத் தேசிய சபை முதலில் கூடிய நாள், அன்றைக்கு எல்லாப் பள்ளி மைதானத்திலும் ஏதாவது ஒரு நாட்டுப்புற ஆட்டம் இருக்கும். எங்கள் இஸ்மீர் பக்கத்து ஆட்டம் ஸெய்பெக், அந்த 9 தாளமே மெதுவாக வரும், கையைத் தோள் உயரத்துக்கு விரித்து ஒரு முழங்காலைத் தரையில் தொட்டு எழ வேண்டும், அழகுதான், ஆனால் ஒவ்வொருவரும் தனியாக நிதானம் பிடிக்க வேண்டும், கொஞ்ச நாளில் வராது. ஹலாய் வரிசை ஆட்டம். பக்கத்தில் நிற்பவர் சுண்டு விரலில் தன் சுண்டு விரலைக் கோத்துக்கொள்வார்கள், தோள் ஒட்டி நிற்பார்கள், முதலில் நிற்பவர் கையில் ஒரு கைக்குட்டை, அதைச் சுழற்றித்தான் வேகம் கூட்டுவதும் அடியை மாற்றுவதும். முப்பது பிள்ளைகள் ஒரே வரிசையில் வரலாம், ஆடத் தெரியாத பிள்ளையைப் பக்கத்து விரல் இழுத்துக்கொண்டு போகும்.

அதற்கு வாசிப்பது தவுல், ஸுர்னா. தவுல் பெரிய மேளம், ஒரு பக்கம் தடித்த கம்பு, இன்னொரு பக்கம் மெல்லிய குச்சி. ஸுர்னா நாதஸ்வரத்துக்குச் சொந்தக்காரன், அதே மாதிரி சீவாளி வைத்து ஊதுவது, திறந்த வெளியில் ஊதினால் நாலு தெரு கேட்கும். அங்கே கல்யாண ஊர்வலத்தில் முதல் தடவை கேட்டபோது எங்கள் மாமியார் நம்ம நாயனம் மாதிரி இருக்கே என்று வாசலுக்கு ஓடினார்கள். உங்கள் பக்கத்தில் திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளுக்கு எத்தனை செட் வருகிறது! பிள்ளைகளின் தாத்தா, மாமா யாராவது தவில், நாதஸ்வரம் வாசிப்பவர்களாக இருந்தால் ஒரு பாட்டுக்கு வரச் சொல்லுங்கள், ரெகார்ட் போடாதீர்கள்.

திருப்பாப்புலியூர் கச்சேரி:

மேடம் சொன்னதில் ஒரே ஒரு எச்சரிக்கை. நாயனத்தோடு பிள்ளைகளைப் பாட வைக்காதீர்கள், குரல் காணாமல் போய்விடும், ஆட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஹலாய் வரிசை உள்ளே வரும்போது நாயனம் ஆரம்பிக்கட்டும், கைக்குட்டை கீழே இறங்கியதும் நிறுத்தட்டும், அப்புறம் சுருதிப் பெட்டியில் 'காதிபிம்'. நாதஸ்வரக்காரருக்கு நான் போன் போட்டுப் பேசுகிறேன், எனக்குத் தெரிந்த ஒருவர் செம்மண்டலத்தில் இருக்கிறார், மெட்டை ஒரு தடவை கேட்டால் பிடித்துவிடுவார். ஒத்திகை சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன்.